பால் காய்ச்சாத வீடு

சாவி என்னிடம் இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பூட்டை உடைத்து நான் எந்த வீட்டிலும் நுழைந்ததில்லை. அடுத்தவர் பொருளில் கை வைத்ததும் இல்லை.

வெள்ளானூர்ப் பக்கம் ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றில் எனக்குக் கூட்டித் துடைக்கிற வேலை. படிக்கட்டு, வராண்டா, லிஃப்ட் வாசல் எல்லாம் என் பொறுப்பு. நாலாவது மாடியில் ஒரு வீடு கட்டி முடித்த நாளிலிருந்து பூட்டியே கிடந்தது. வாங்கினவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். போனில்தான் பேச்சு. வெள்ளிக்கு வெள்ளி நான் திறந்து பெருக்கி, குழாய்களைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஜன்னலைத் திறந்து காற்று விட்டுப் பூட்டவேண்டும். குழாய் ஓடாவிட்டால் தண்ணீர் போகிற ஓட்டை காய்ந்து சாக்கடை நாற்றம் மேலே ஏறிவிடுமாம். ஆள் இல்லாத வீட்டுக்கும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

அந்தச் சமயத்தில் எனக்கு வீடு இல்லை.

அம்பத்தூரில் ஒரு லைன் வீட்டில் முப்பத்தொரு வருஷம் இருந்தேன். என் வீட்டுக்காரர் போனதும் அங்கேதான். வீட்டு ஓனர் காலமானார், பிள்ளைகள் இடத்தை பில்டரிடம் கொடுத்தார்கள், எல்லாரையும் காலி செய்யச் சொன்னார்கள். மற்றக் குடித்தனங்கள் ஒவ்வொன்றாய் எங்கெங்கோ போய்விட்டன. எனக்கு மட்டும் அமையவில்லை. வாடகை கொடுக்க வக்கில்லாமல் இல்லை. சம்பளம் இருந்தது. போகிற இடத்திலெல்லாம் ஒரே கேள்வி, "கூட யாருமா கீறாங்க?" நான் மட்டும்தான் என்பேன். அதோடு முகம் மாறிவிடும். ஒரு அம்மா மட்டும் உள்ளதைச் சொன்னாள்.

"தப்பா நெனச்சிக்காதீங்க. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆயிப்போச்சின்னா அந்த ரூமுக்கு அப்புறம் யாரு குடி வருவா?"

நான் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் என்னை அந்த ரூமில் பிணமாகப் பார்த்துவிட்டாள். திரும்பி வரும்போது நானும் ஒரு தடவை அந்த ரூமை எட்டிப் பார்த்தேன். அவள் கண் போன மூலைக்கே என் கண்ணும் போனது.

மகள் திருநின்றவூரில் இருக்கிறாள். ஒரே அறை, அதில் மாமியார், இரண்டு பிள்ளைகள், புருஷன். கேட்டால் வா என்பாள். மருமகன் வீட்டில் கால் நீட்டிப் படுக்க எனக்கு வராது. "வேற ஊடு பாத்துட்டேன், நல்ல காத்து" என்று சொல்லிவைத்தேன். காற்று இருந்தது உண்மைதான். ஆவடி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் இருந்தேன்.

வீடு இல்லாதவளுக்குச் சோறு பெரிய விஷயம் இல்லை. எங்காவது வாங்கித் தின்னலாம். துவைத்த புடவையை எங்கே காயப்போடுவது? ஈரத்தோடு மடித்துப் பையில் வைத்தால் மறுநாள் நாறும். நாற்றத்தோடு வேலைக்குப் போனால் ஆள் தெரிந்துவிடும். மூன்று மணிக்கு மேல் தண்ணீர் குடிக்கமாட்டேன், ராத்திரி எங்கே ஒதுங்குவது? பார்க்கிறவர்களுக்கு நான் ரயிலுக்குக் காத்திருக்கிற பொம்பளையாகத் தெரியவேண்டும். அதற்காகவே ஒவ்வொரு வண்டி வரும்போதும் எழுந்து நின்று, போனபிறகு உட்காருவேன். வேலை செய்கிற இடத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்தால் வேலை போகும். வேலை போனால்கூடப் பரவாயில்லை, "அய்யோ பாவம்" என்று ஒருத்தர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டால் அதோடு நான் தீர்ந்தேன். எனக்கு அப்போது இருந்த பயமெல்லாம் அதுதான்.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காய்ச்சலோடு அந்த வீட்டைப் பெருக்கப் போனேன். கொஞ்சம் உட்காரலாம் என்று சுவரில் சாய்ந்தேன். கண் விழித்தபோது ஜன்னலில் இருட்டு. உடம்பு லேசாக இருந்தது. மறுநாள் காலையில் அங்கேயே குளித்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, அவசரப்படாமல், தலைக்குக் குளித்தேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

தினம் அஞ்சு மணிக்கு வேலை முடித்து, பையை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போவேன். பஸ் ஸ்டாப்பில் உட்காருவேன். ஏழு மணிவாக்கில் தண்ணி லாரி வரும். கேட்டை அகலத் திறந்து, வாட்ச்மேன் குழாய் மாட்டப் பின்பக்கம் போவார். அந்த நேரம் லாரி ஓரமாய் உள்ளே நுழைந்துவிடுவேன். லிஃப்டில் கேமரா உண்டு. ஆகையால் நாலு மாடியும் படிதான். முட்டி கெஞ்சும். காலையில் ஆறு அடிக்குமுன் கீழே கார் நிறுத்துகிற இடத்துக்கு இறங்கி, துடைப்பத்தோடு தலை காட்டுவேன். வாட்ச்மேன் அம்பத்தூர் ஆள், வாய் சும்மா இருக்காது.

"இன்னாக்கா, எப்ப வந்தே? கேட்டாண்ட நான்தான குந்திகினு கீறேன்? காத்து மாறி பூந்துர்றியே!"

"நீ தூங்கிகினு இருந்தே. எழுப்ப மனசு வரல."

"யாரு, நானா? கண்ணே மூடல!" என்பார். அவர் தூங்குவது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதனால் மேலே கேட்கமாட்டார்.

உள்ளே நான் விளக்குப் போடமாட்டேன். எதிர் வீட்டில் ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவரும் அவர் சம்சாரமும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். வருஷக்கணக்காய் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, ரிட்டயர் ஆன பணத்தில் இங்கே சொந்தமாக வாங்கினவர்கள். அந்தம்மாவுக்குக் காது கூர்மை. ஆகையால் நான் செருப்பில்லாமல் நடப்பேன், பக்கெட்டைத் தூக்கித்தான் வைப்பேன், இருமல் வந்தால் தலைகாணித் துணியை வாயில் அடைத்துக்கொள்வேன். நாள் போகப்போக என் காலடி எனக்கே கேட்காமல் போனது. ஹாலில் பெரிய கண்ணாடிக் கதவு. வெளியில் மற்றக் கட்டடங்களின் வெளிச்சம், அதன் நடுவில் ஒரு பெண்பிள்ளை உருவம். நான்தான். தெரிந்தும் ஒவ்வொரு நாளும் ஒரு நிமிஷம் நின்றுவிடுவேன். நான் நின்றபிறகு அது நிற்கிற மாதிரி இருக்கும்.

இதுவாவது பரவாயில்லை. உள் ரூமில் மூச்சுச் சத்தம் கேட்டது. காலி வீட்டில் நம் மூச்சே சுவரில் பட்டுத் திரும்பும் என்று எனக்குத் தெரியும். மூச்சைப் பிடித்துப் பார்த்தேன். நான் நிறுத்தியபிறகும் அது ஒன்றிரண்டு தடவை வந்து, பிறகு நின்றது. சமையலறைச் சுவரில் ஒரு கறுப்புத் திட்டு, பெயின்ட் அடித்ததற்கு மேலேயும் கசிந்து வந்திருக்கும். கட்டிக்கொண்டிருக்கும்போது வடக்கத்தி வேலைக்காரர்கள் குடும்பத்தோடு அந்த மாடியில்தான் சமைத்துப் படுத்திருந்தார்கள் என்று வாட்ச்மேன் சொல்லியிருக்கிறார். அவர்கள் அடுப்புப் புகை. வீடு எழும்பியதும் அவர்களும் போய்விட்டார்கள்.

யோசித்தேன். எனக்கு ஒன்று பிடிபட்டது. இந்த வீட்டில் பால் காய்ச்சவே இல்லை. வாங்கினவர்கள் சாவியை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார்கள். பால் பொங்காத வீட்டில் மனுஷர் படுக்கலாமா? வேறு எதுதான் உள்ளே வராது? லைன் வீட்டுக்கு நான் குடிபோனபோதே ஒரு டம்ளர் பாலாவது பொங்கவிட்டுத்தான் பாயை விரித்தேன். இங்கே திருடி மாதிரி படுத்ததால்தான் இந்தச் சத்தமெல்லாம் என்று முடிவு செய்தேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஒளிந்திருக்கிறவள் எவளாவது கிரகப்பிரவேசம் செய்வாளா? நான் செய்தேன்.

ஆடியில் பால் காய்ச்சமாட்டார்கள். ஆவணி பிறக்கிறவரை பொறுத்தேன். வாட்ச்மேன் கூண்டில் தொங்குகிற காலண்டரில் முகூர்த்த நாள் பார்த்துவைத்தேன். விடிகிறதுக்கு முந்தின நேரம் எழுந்து குளித்து, பால்கனியில் கிடந்த மூன்று செங்கல்லைக் கூட்டி, கொட்டாங்குச்சியும் சூடமும் வைத்துப் பற்றவைத்தேன். சின்னச் சொம்பில் பால். ஊதக்கூட இல்லை, சத்தம் கேட்கும் என்று முந்தானையால் விசிறினேன். பால் மெள்ள எழும்பி, கிழக்குப் பக்கமாய்ப் பொங்கி வழிந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்தது, புகையால்தான்.

வழிந்த பால் நெருப்பில் விழுந்தால் என்ன வாசனை வரும் என்பதை நான் யோசிக்கவில்லை.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. காலடி நடுவராண்டாவுக்கு வந்து நின்றது. பிறகு என் கதவுக்கு வந்தது. நான் அடுப்பை விட்டுவிட்டு ஓசையில்லாமல் கதவோரம் வந்துவிட்டேன், ஏன் வந்தேன் என்று தெரியவில்லை. அந்தம்மா காதைக் கதவில் வைத்தாள். பலகையில் தோடு உரசியது. இந்தப் பக்கம் என் காது. நடுவில் ஒரு விரல்கடைப் பலகை.

"யாரு உள்ள?"

என் பின்னால் பால் கருகிக்கொண்டிருந்தது.

"யாரு உள்ளன்னு கேக்கேன்லா?"

மூச்சை நிறுத்தினேன். என் நெஞ்சு அடிக்கிற சத்தம் பலகையில் கேட்டிருக்கும் போல. அந்தம்மா "யம்மா!" என்று ஒரு சத்தம் போட்டு ஓடினாள். அவள் கதவு சாத்திய அதிர்வு என் காது வரைக்கும் வந்தது.

காலை எட்டு மணிக்கெல்லாம் குடியிருப்பு முழுக்கப் போனில் பரவிவிட்டது. நான் படிக்கட்டைத் துடைத்துக்கொண்டே என்னைப் பற்றின பேச்சைக் கேட்டேன். மேல் மாடிக்காரி ஒருத்தி, கண்ணாடிக் கதவில் வெள்ளை உருவம் பார்த்ததாகச் சொன்னாள். தலை விரிகோலமாம். நான் எந்த நாளும் தலையை விரித்துப் போட்டதில்லை. இன்னொருத்தி கூன் என்றாள். எனக்குக் கூன் கிடையாது. துடைப்பத்தை ஊன்றி நிமிர்ந்து நின்றேன்.

எதிர் வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். குடியிருக்கிறவர்கள் எல்லாரும் ஆயா என்பார்கள், அவள் மட்டும்தான் என்னை அக்கா என்பாள்.

"அக்கா, நீங்க வாரவாரம் உள்ள போறியளே, ஒங்களுக்கு ஒண்ணும் தோணலையா? எனக்கு ஈரக்குலையே நடுங்குது. பால் வாசம்க்கா. பச்சப்புள்ளையோட செத்தவளா இருப்பாளோ?"

"ஒண்ணுமில்ல, போங்க. எலி செத்திருக்கும்" என்றேன்.

"எலி பால் காய்ச்சுமாக்கா?" என்றாள்.

குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் பேயாவது பிசாசாவது என்று பேசுகிறவர். இரண்டு நாளில் அவரே பூந்தமல்லியில் அத்தர் கடை வைத்திருக்கிற ஒரு பெரிய பாயை அழைக்கச் சொன்னார். ஓதிப் பார்ப்பதில் பாய்க்குப் பேர் உண்டு. எங்கள் பக்கம் எல்லாச் சாதிக்காரரும் அவரிடம் போவார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் வந்தார். சாவி என்னிடம் இருக்கிறதே, கதவைத் திறக்க என்னைக் கூப்பிட்டார்கள். என் கோரைப்பாயும் சொம்பும் ஏற்கெனவே பரண்மேல் போய்விட்டன. அடுப்புச் சாம்பலையும் வழித்தெடுத்திருந்தேன். தப்பித்தோம் என்றுதான் இருந்தேன்.

உள்ளே நான்கு பேர். பாய், செயலாளர், எதிர் வீட்டம்மா, நான். தண்ணீர்ச் சொம்பை என் கையில் கொடுத்தார்கள். செயலாளர் சட்டைப் பையில் ஒரு எலுமிச்சம்பழம் துருத்திக்கொண்டிருந்தது. பாய் ஹாலில் நின்று கொஞ்ச நேரம் வாய்க்குள் ஓதினார். பிறகு யாரையும் பார்க்காமல், நம் வீட்டுப் பெரியவரிடம் கேட்கிற மாதிரி கேட்டார்.

"இங்க இருக்கறவங்க யாரா இருந்தாலும் சரி, பயப்படாதீங்க. உங்களுக்கு என்ன குறை? சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

மூன்று மாதமாக அந்த வீட்டுக்குள் நான் ஒரு வார்த்தை பேசினதில்லை. என் குறை என்ன என்று ஒருத்தரும் கேட்டதும் இல்லை.

"எனக்கு இருக்க எடம் இல்ல."

குரல் கரகரவென்று வந்தது. காலி ஹால் அதை வாங்கி உள் ரூமிலிருந்து திருப்பிக் கொடுத்தது. யார் பேசியது என்று நானே திரும்பிப் பார்த்தேன். செயலாளர் வாசலுக்கே போய்விட்டார். எதிர் வீட்டம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். என் மேல் வந்து பேசுகிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பாய் அசையவில்லை. "எத்தனை நாளா இருக்கீங்க?"

"ஆனியிலருந்து."

"உங்க வீடு எங்க?"

"அம்பத்தூர்ல. இடிச்சிட்டாங்க."

"அய்யோ, இடிக்கயில உள்ள இருந்திருக்கா!" என்று எதிர் வீட்டம்மா அழ ஆரம்பித்தாள்.

"வேற வீடு தேடலையா?"

"தேடாத எடம் இல்ல. சாவப்போறவளுக்கு ரூம் குடுக்கமாட்டோம்னு சொல்லிட்டாங்க."

"தாயே, நீ பட்ட கஷ்டம் எங்களுக்குத் தெரியாதே" என்று எதிர் வீட்டம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். என்னைப் பார்த்துத்தான் கும்பிட்டாள், ஆனால் அவள் பார்வை என்னைத் தாண்டி இருந்தது. வாசலிலிருந்து செயலாளர், "பாய், என்ன வேணும்னு கேளுங்க. சங்கத்து சார்பா செஞ்சிடலாம்" என்றார்.

கையிலிருந்த சொம்பு சாய்ந்து தண்ணீர் என் காலில் ஊற்றியது. பாய் குனிந்து என் காலைப் பார்த்தார். சாதாரணக் கால், பித்தவெடிப்பு, ஈரம். நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தார். இந்த வீட்டுக்குள் மூன்று மாதத்தில் என்னைப் பார்த்த முதல் மனுஷர் அவர்தான்.

"போயிடுவாங்க," என்று மற்றவர்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். "மூணு நாள் அவகாசம் கேக்கறாங்க. அதுவரைக்கும் யாரும் இந்தக் கதவைத் தட்டாதீங்க. பக்கத்துல நிக்காதீங்க." பிறகு என் முகத்தில் தண்ணீர் தெளித்தார்.

"அக்கா, அக்கா! ஒங்க மேல வந்துட்டுக்கா!" எதிர் வீட்டம்மா முந்தானையால் எனக்கு விசிறினாள். அவள் முகமெல்லாம் ஈரம். அப்போதே சொல்லியிருக்கலாம். நான்தாம்மா அது என்று ஒரு வார்த்தை. சொன்னால் அந்த முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். ரூம் கேட்டுப்போன இடத்திலெல்லாம் பார்த்த மாற்றம்தானே.

"இன்னாது? எனக்கு ஒண்ணும் நெனப்பில்லியே" என்றேன்.

படியில் இறங்கும்போது பாய் எனக்காக நின்றார். மெதுவாகத்தான் கேட்டார். "மூணு நாள்தாம்மா என்னால வாங்க முடிஞ்சுது. அப்புறம் எங்க போவீங்க? எங்க வீட்ல பொம்பளைங்க இருக்காங்க, கேட்டுப் பாக்கவா?"

"நீங்க இன்னா சொல்றீங்கன்னு புரியல பாய். எனக்கு ஊடு கீது" என்றேன்.

"சரிம்மா" என்றார். கைப்பிடியைப் பிடித்து இறங்கிப் போனார். அவர் அத்தர் வாசனை அன்று முழுக்கப் படிக்கட்டில் இருந்தது. நான் இரண்டு தடவை துடைத்தேன்.

அந்த மூன்று நாளும் எனக்குச் சாப்பாடு வந்தது. இலை போட்டு, சாம்பார் சாதம், தயிர் சாதம், வடை, வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடுவாள் எதிர் வீட்டம்மா. கடைசி நாள் ஒரு நூல் புடவை, மஞ்சள் தடவி. நான் கதவைத் திறந்து எடுத்து, இருட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நல்ல கைப்பக்குவம். "எலையில ஒரு பருக்க இல்லக்கா, அப்படிப் பசி போல பாவம்" என்று மறுநாள் என்னிடமே சொன்னாள். புடவையை மட்டும் நான் தொடவில்லை. நாளைக்கு அதைக் கட்டிக்கொண்டு அவள் முன்னால் எப்படி நிற்பது? சமையல் மேடையில் மடித்து வைத்துவிட்டு, கோரைப்பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்து பூட்டினேன். சொன்ன வார்த்தைப்படி மூன்றாம் நாளே போய்விட்டேன். பேயாக இருந்தாலும் வாக்கு வாக்குதான்.

பிறகு பிளாட்பாரம் கொஞ்ச நாள், வேறு இடம் கொஞ்ச நாள். இப்போது வேலப்பன்சாவடியில் காலேஜ் பெண்கள் தங்குகிற ஒரு விடுதியில் அரிசி மூட்டை வைக்கிற அறையில் படுக்கிறேன். விடியக்காலையில் காய்கறி நறுக்கிக் கொடுத்துவிட்டு வெள்ளானூருக்குப் பஸ் ஏறுவேன். கதவு இருக்கிறது, உள்தாழ்ப்பாள் இருக்கிறது. ஆதார் அட்டையில் இன்னும் அந்த லைன் வீட்டு விலாசம்தான். அங்கே இப்போது கார் நிறுத்துகிறார்கள்.

நான் போனபிறகு அந்த மாடி அமைதியாக இருந்திருக்கவேண்டும். அந்த வாரமே எதிர் வீட்டம்மா மாடிப்படியிலேயே என்னை மறித்துக்கொண்டாள்.

"பாய் போய்ட்டதா சொன்னாவளே, போகலக்கா. நேத்தும் நடந்துச்சு. அங்கிட்டும் இங்கிட்டும், செருப்பில்லாம."

முந்தின ராத்திரி நான் ஆவடி பிளாட்பாரத்தில் இருந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. கதவைத் திறந்து நேராகச் சமையலறைக்குப் போனேன். மேடைமேல் புடவை இல்லை. சாவி என்னைத் தவிர இங்கே யாரிடமும் கிடையாது. ஜன்னலெல்லாம் நான் சாத்தியபடியே இருந்தது. குளியலறைத் தரையைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம். உள் ரூம் கதவு சாத்தியிருந்தது. நான் அதைத் திறக்கவில்லை. ஹாலை மட்டும் பெருக்கினேன். குழாயைத் திறக்காமலே வந்துவிட்டேன், யாரோ திறந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

எதிர் வீட்டம்மா வாசலில் காத்திருந்தாள். "ஏதாவது தெரிஞ்சுதாக்கா?"

"ஒண்ணுமில்ல. எலி" என்றேன்.

அது முதல் வெள்ளிக்கிழமைகளில் நான் சாவியை உடனே போடுவதில்லை. முதலில் கதவைத் தட்டுகிறேன். "கூட்ட வந்திருக்கேன்" என்று கொஞ்சம் உரக்கவே சொல்கிறேன். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நிற்கிறேன். ஒரு பாயைச் சுருட்டி, சொம்பை எடுத்துப் பரணில் வைத்து, ஈரத்தைத் துடைத்து, ஒதுங்கி நிற்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு நேரமும் நிற்கிறேன்.